ரீஃப் டேங்க் சரியில்லை என்றால் எங்கே பார்ப்பது?

"அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் மூன்று வாரமாகவே தொட்டி சரிந்துகொண்டு வந்திருக்கும், கண்ணில் பட்டதுதான் நேற்று. சென்னையில் தெரிந்தவர்கள் வீட்டு ரீஃப் தொட்டிகளை, அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கோளாறுகள் அதேதான், தொட்டிதான் வேறு. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்பது கடைசியில் வரும்.

இங்கே பவளம் என்று நான் சொல்வது ஸோவா, மஷ்ரூம், லெதர் போன்ற மென்வகைகளை. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் இருந்து வந்தது என்று யாராவது கல் பவளத்தையோ பவளப் பாறையையோ காட்டினால் வாங்காதீர்கள்.

எதையும் ஊற்றுவதற்கு முன்

வெப்பநிலை, உப்புத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை. இந்த ஆறையும் அளந்து ஒரு தாளில் தேதி போட்டு எழுதுங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்பு 35 பிபிடி (கிலோவுக்கு 35 கிராம்), அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). இந்த எல்லைக்குள் இருந்தால் தண்ணீரின் மேல் பழி போட வேண்டாம். இவற்றோடு, தண்ணீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த ஹாபியில் அதைவிட லாபமான செலவு எனக்குத் தெரியாது.

எண் தப்பாக இருந்தாலும் ஒரே நாளில் சரிசெய்ய முயலாதீர்கள். காரத்தன்மையை ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் நகர்த்தக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

அறிகுறி: பவளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன

எல்லாம் சேர்ந்து மூடினால் காரணம் தண்ணீரில் இருக்கிறது. ஒன்று மட்டும் மூடினால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

முதலில் வீட்டில் விசாரியுங்கள். அந்த அறையில் கொசு மருந்து அடித்தார்களா, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே போட்டார்களா, சுவருக்குப் பெயின்ட் அடித்தார்களா, யாராவது சோப்போ லோஷனோ பூசிய கையை உள்ளே விட்டார்களா? இப்படி ஏதாவது என்றால் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் காத்திருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் உப்புத்தன்மை. முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே எண் மாறிவிடும். ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் அதை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 பிபிடி அளவுத் திரவத்தை விட்டுச் சரிபாருங்கள்.

கருவி சரி, எண்தான் அதிகம் என்றால் டாப்-அப், அதாவது குறைந்த தண்ணீரை நிரப்பும் முறையைக் கேட்பேன். தொட்டியில் இருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். 150 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 35 இருந்த இடத்தில் 37 தாண்டியிருக்கும். ஊருக்கே போகவில்லை, தினம் குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றினேன் என்றால், நாளொன்றுக்கு 105 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது, ஒரு வாரத்தில் 40 பிபிடியை நெருங்கிவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்களில் பலர் இதில் ஒருமுறை விழுகிறார்கள். டாப்-அப் எப்போதும் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான். ஏறிய உப்பை மூன்று நான்கு நாளில் மெல்ல இறக்குங்கள்.

எண் குறைவாக இருந்தால் உப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடற்கரையில் மொண்டு வந்த தண்ணீர் என்றால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் மொண்டால் சாக்கடையும் சேர்ந்து வரும். கடைக் கல் உப்பைக் கரைத்தாலும் கடல் தண்ணீர் ஆகாது. அதில் சோடியம் குளோரைடுதான் பெரும்பகுதி. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் காரத்தன்மையும் அதில் போதுமான அளவு கிடையாது.

உப்பும் வெப்பமும் சரி, ஆனாலும் வாரக்கணக்கில் திறக்கவில்லை என்றால், தொட்டியை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போங்கள்.

வேளச்சேரியில் ஒரு தம்பி வீட்டுத் தொட்டி. விலை உயர்ந்த விளக்கு, நல்ல ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி), நல்ல உப்பு, டெஸ்ட் எல்லாம் எல்லைக்குள். ஆனாலும் ஸோவா எல்லாம் ஒரு மாதமாக மொட்டாகவே நின்றது. நத்தைகள் கண்ணாடியில் ஏறவில்லை, மணலில் மல்லாந்து கிடந்தன. தண்ணீர் எது என்று கேட்டேன். "ஆர்ஓதான்ணா, வீட்லயே இருக்கு." டிடிஎஸ் மீட்டரை விட்டேன், 84 காட்டியது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மெஷினின் மூடியைக் கழற்றினோம். தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் சவ்வுக்குப் பிறகு சுவைக்காகத் தண்ணீர் கலக்கும் ஒரு வால்வு, அதற்கும் அடுத்து, "காப்பர்" என்று எழுதிய ஒரு கார்ட்ரிட்ஜ். மனிதர்களுக்கு நல்லது என்று சேர்க்கும் அந்தச் செம்புதான் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. சொட்டுச் சொட்டாக ஒரு மாதம் டாப்-அப்பில் இறங்கியிருக்கிறது. ஆவியாகும்போது அது போகவில்லை, தேங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

உங்கள் வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் பூஜ்யம் காட்டவில்லை என்றால் அது குடிக்கத்தான், தொட்டிக்கு அல்ல. கேன் தண்ணீரும் அப்படியே. 60 டிடிஎஸ் உள்ள கேன் தண்ணீரைத் தினம் 2 லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 3.6 கிராம் கண்டது எல்லாம் தொட்டியில் சேரும். சரிசெய்ய, மெம்பிரேனில் இருந்து நேராக வரும் குழாயில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு, அந்தத் தண்ணீரை, மிச்ச உப்பையும் பிடித்துவைக்கும் டிஐ ரெசின் குழாய் வழியாக எடுங்கள். வால்வும் கார்ட்ரிட்ஜும் குடிநீர்ப் பக்கம் மட்டும் இருக்கட்டும். குழாய் வேலை தெரியாவிட்டால் ஆர்ஓ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அரை மணி நேர வேலை. செம்பு ஏற்கெனவே தொட்டிக்குள் போயிருந்தால் செம்பை உறிஞ்சும் ரெசினும் பல வாரத் தண்ணீர் மாற்றமும் வேண்டும். அந்தத் தம்பியின் ஸோவா திறக்க இரண்டு மாதம் ஆனது, நத்தைகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அறிகுறி: ஒரே ஒரு பவளம் மட்டும் மூடியிருக்கிறது

அது லெதராக இருந்து, மேலே மெழுகு பூசியது போல் மினுமினுத்தால் தோல் உரிக்கிறது. ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். தண்ணீர் ஓட்டம் அதன் மேல் படட்டும், பெரிய ஊசியில்லா சிரிஞ்சால் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சி உதவலாம். செத்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து பொறுங்கள்.

மற்றவை என்றால் வரிசையாகப் பாருங்கள். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் நேராக முகத்தில் அடிக்கிறதா? பக்கத்துப் பவளம் இரவில் கை நீட்டிக் கொட்டுகிறதா? விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு பாருங்கள். ஸோவாவின் மொட்டுகளுக்கு இடையில் அதே நிறத்தில் நுடிபிராங்க் என்ற ஓடில்லாத சின்ன நத்தை ஊர்கிறதா? இருந்தால் பவளத்தை வெளியே எடுத்து மருந்துக் கரைசலில் முக்கி டிப் செய்யுங்கள். முட்டை டிப்பில் சாகாது, அதைச் சுரண்டத்தான் வேண்டும்.

அறிகுறி: நிறம் வெளுத்து வெள்ளையாகிறது

ஏப்ரல், மே மாதம் என்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள், அதுவும் மாலை நான்கு மணிக்கு. காலையில் 27 காட்டும் தொட்டி மாலையில் 31 தொடும். 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்தது இந்த வெப்பத்தால்தான்.

முதலில் மூடியைத் திறந்து வையுங்கள், விளக்கு நேரத்தைக் குறையுங்கள், விளக்கை மாலைக்கும் இரவுக்கும் தள்ளுங்கள். அடுத்து தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன். 2 டிகிரி வரை இறக்கும், சென்னைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சில நாள் அதுவும் வராது. ஃபேன் போட்டால் ஆவியாவது கூடும், டாப்-அப் கணக்கை மறக்காதீர்கள். பிறகு அறைக்கு ஏசி. இதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். ஐஸ் பாட்டில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மணி நேரத்தில் 3 டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது வெப்பத்தைவிடக் கெடுதல்.

வெப்பம் சரி, புது விளக்கு போட்ட வாரம் என்றால் வெளிச்சம்தான். 30, 40 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள்.

அறிகுறி: பாறையிலும் மணலிலும் ஏதோ படர்கிறது

நிறத்தை மட்டும் பார்த்து மருந்து வாங்குவதுதான் இங்கே நடக்கும் தவறு. கையால் தொட்டுப் பாருங்கள்.

பழுப்புப் பொடியாக, துடைத்தால் புகைபோலக் கலைந்தால் டயட்டம். புதுத் தொட்டிக்கு முதல் இரண்டு மாதத்தில் வருவது. டிடிஎஸ் பூஜ்யம் இருந்தால் தானாகப் போகும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

கருஞ்சிவப்பு ஜவ்வாக, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் துணிபோல உரிந்து வந்தால் சயனோ (சயனோபாக்டீரியா). சின்னக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், அந்த இடத்துக்கு ஓட்டம் போகும்படி வேவ்மேக்கரைத் திருப்புங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மூன்று நாள் இருட்டடிப்பு.

பச்சை முடி போன்ற பாசி என்றால் பாஸ்பேட்டை அளங்கள். கையால் பிடுங்குங்கள், நத்தை விடுங்கள், பொறுத்திருங்கள். டெஸ்டில் பாஸ்பேட் பூஜ்யம் காட்டலாம், பாசி குடித்துவிட்டதால் பூஜ்யம், அவ்வளவுதான்.

பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் குமிழ் நிற்கிறது, இரவில் குறைந்து மதியம் பெருகுகிறது என்றால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்). இதில் மற்ற எல்லாவற்றுக்கும் நேர் எதிராக நடக்க வேண்டும். உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கொஞ்சம் எடுத்துப் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள், காபி வடிகட்டும் தாளில் வடிகட்டுங்கள், வடிந்த தெளிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ என்று எடுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில்தான் இது பெரும்பாலும் வரும். எனவே தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், மீனுக்குச் சாப்பாடு கூட்டுங்கள். மூன்று வாரத்தில் அசையவில்லை என்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். கல்லூரி விலங்கியல் துறையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு துளி கொண்டுபோங்கள். இரவில் தண்ணீரில் மிதக்கும் வகைக்கு யூவி விளக்கு வேலை செய்யும், மணலிலேயே தங்கும் வகைக்கு அந்தச் செலவு வீண்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசி போக வேண்டும் என்று பாறையை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றாதீர்கள், அடுப்பில் வேகவைக்காதீர்கள். ஸோவா வகைகள் பலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஸோவாவை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தொட்ட பிறகு வாயில் உலோகச் சுவை, மரத்துப்போதல், மூச்சுத் திணறல், கண் எரிச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவமனை, போகும்போதே பாலிடாக்ஸின் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குகிறது

கரன்ட் போய் வந்ததா? மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர்ப் பரப்பு அசைகிறதா? ஒரு ஏர் பம்பைப் போட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதில் மாட்டினால் போதும், பல மணி நேரம் தாங்கும்.

ஓட்டம் சரி என்றால் அம்மோனியா. பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் தப்பு. செத்த மீனோ நத்தையோ பாறைக்குப் பின்னால் கிடக்கிறதா என்று மோந்து பாருங்கள். தொட்டி வைத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஐந்து மீன் போட்டாகிவிட்டது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், சாப்பாட்டை நிறுத்துங்கள், மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

புது மீன் வந்த அன்றே திணறினால்: வெகுநேரம் கட்டியிருந்த கவரைப் பிரித்து, அதிலேயே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டீர்களா? கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும், பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். அப்படிப்பட்ட மீனுக்கு, கவர்த் தண்ணீரின் உப்பை அளந்து தனித் தொட்டியில் அதே அளவு வைத்திருந்து, வெப்பம் சமமானதும் உடனே மாற்றுவதே நல்லது.

அறிகுறி: மீன் உடம்பில் வெள்ளை

உப்புக் கல் தூவியது போல் தனித்தனிப் புள்ளி, மீன் சாப்பிடுகிறது, பாறையில் உரசுகிறது என்றால் இக் என்ற ஒட்டுண்ணி நோய். மாவு சலித்தது போல் மெல்லிய தூசி, மீன் வேவ்மேக்கருக்கு முன்னால் போய் நிற்கிறது, வெளிச்சத்துக்கு ஒளிகிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். இதற்கு உங்களிடம் இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது. க்ளௌன் மீனில் தோல் சளியாக உரிந்தால் புரூக்லினெல்லா, அதுவும் அவசரம்.

இக் புள்ளி சில நாளில் மறையும். பூண்டுச் சாறு வேலை செய்தது என்று அப்போது சந்தோஷப்படுவார்கள். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி மணலில் பெருகுகிறது, அடுத்த முறை பத்து மடங்காக வரும். எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்து கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியை மீனில்லாமல் விட வேண்டும். ஹாபியில் வழக்கமான கணக்கு 76 நாள். செம்பை ஒருபோதும் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள், பாறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மருந்தின் அளவு தெரியவில்லை, வெல்வெட்டா இக்கா என்று பிரிக்க முடியவில்லை என்றால் வீடியோ எடுத்து, மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு அன்றே காட்டுங்கள். இது வராமல் இருக்க வழி ஒன்றே: புது மீனை ஒரு மாதமாவது தனியே வைத்திருப்பது. கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினாலும், தொட்டியிலேயே பிறந்த க்ளௌனைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு நிலையங்கள் க்ளௌனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டி வருடங்கள் ஆகின்றன. அந்த மீன் சாப்பிடவும் சண்டித்தனம் செய்யாது.

அறிகுறி: தண்ணீர் பால் போல் கலங்கியது

புது மணல் என்றால் ஒரு நாளில் அடங்கும். மருந்து ஊற்றிய மறுநாள் என்றால் பாக்டீரியா. ஏர் பம்ப் போட்டுக் காத்திருங்கள். கால்சியமும் காரத்தன்மையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஊற்றிய உடனே பனிபோல் விழுந்தால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. அன்றைக்கு வேறெதுவும் சேர்க்காதீர்கள். அடுத்த முறை இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விடுங்கள்.

அறிகுறி: தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

கையை எடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் எந்த பிளக்கையும் தொட வேண்டும். விரலில் காயம் இருந்தால் உப்புத் தண்ணீர் எரியும்தான், அது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஹீட்டர், மோட்டார்கள், கடைசியில் தண்ணீருக்கு மேல் தொங்கும் விளக்கு என்று சந்தேகப்பட வேண்டிய வரிசை. பிளக் போர்டைப் பாருங்கள், தரையில் கிடந்து உப்புப் பூத்திருந்தால் அதை அப்படியே மாற்றுங்கள், துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேற வேண்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எந்தப் பொருளில் கசிகிறது என்பதை எலக்ட்ரீஷியன் கண்டுபிடிக்கட்டும். அப்படியே எர்த் இருக்கிறதா என்று பார்த்து, தொட்டி லைனுக்கு, மின்கசிவு வந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் பவளம் வாங்கியவர்கள் இதைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அறிகுறி: தொட்டிக்கு அடியில் ஈரம்

துடைத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். எந்த இடம் முதலில் நனைகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஸ்கிம்மர் கப் நிரம்பி வழிந்ததாகவோ, மேல் விளிம்பில் உப்புப் பூத்து ஒழுகியதாகவோ இருக்கும். சுத்தம் செய்தால் போதும்.

கண்ணாடி ஒட்டிலிருந்து வருகிறது என்றால் வெளியில் சிலிக்கான் பூசி ஒரு பயனும் இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளிவிடும், பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்கவும் பிடிக்காது. கசியும் இடத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை டிரம்மில் இறக்குங்கள், மீனையும் பவளத்தையும் அதில் விட்டு ஏர் பம்ப் போடுங்கள், தொட்டி செய்தவரை வரச் சொல்லுங்கள். பழைய ஒட்டை முழுதும் சுரண்டி எடுத்துத்தான் புதிதாக ஒட்ட வேண்டும், காய குறைந்தது 48 மணி நேரம். ஒட்ட ஆரம்பிக்கும் முன் அந்த டியூபைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். பாத்ரூமுக்கு என்று பூஞ்சைத் தடுப்பு சேர்த்த சிலிக்கானாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.